கொல்லேறும் மத்தடோரும்

2017-ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, சென்னை மெரினாக் கடற்கரையில் இளைஞர் கூட்டம் இரவுபகலாக அமர்ந்திருந்த நாள்களில், பிறநாட்டுச் செய்தித்தாள்களுக்கு ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. சல்லிக்கட்டு என்ற பெயரை அவ்வாறே அச்சிட்டால் அந்நாட்டு வாசகருக்கு விளங்காது. ஆகவே ஸ்பெயின் தேசத்து விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் பெயரை எடுத்து இதற்கும் இட்டு, தமிழரின் காளைச் சண்டை என்று பலர் எழுதினர். நம்மவரும் வாளாவிருக்கவில்லை. ஸ்பெயினில் நடப்பதைக் குறிக்க வேண்டிய இடத்தில் அந்நாட்டுச் சல்லிக்கட்டு என்று எழுதியும் பேசியும் வந்தனர். ஒரு பெயர் போய் மற்றொன்றின் மேல் ஏறிக்கொண்டது. இரண்டும் ஒன்றுதானா என்று கேட்பார் சிலரே.

அந்நாள்களில் நல்லூரிலும் இளைஞர் கூடி மெரினாவில் இருந்தோர்க்கு ஆதரவு தெரிவித்தனர். இதிலே வியப்பு யாதெனின், யாழ்ப்பாணத்தில் சல்லிக்கட்டு என்பதே இல்லை. வடமராட்சியிலே கரவெட்டி, துன்னாலை, நெல்லியடி ஆகிய ஊர்களில் தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கல். அன்று பசுவையும் எருதையும் குளிப்பாட்டி, திருநீறும் சந்தனமும் இட்டு, மாலை சூட்டிப் பொங்கலை ஊட்டுவர். அவற்றை அவிழ்த்துவிட்டு அவற்றின் மேற் பாயும் வழக்கம் இங்கு இல்லை. மாட்டின் வேகத்தைக் காண விரும்புவோருக்கு இரட்டை மாடு பூட்டிய வண்டிச் சவாரி உண்டு. சவாரி என்ற சொல்லோ குதிரை ஊர்பவனைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழியாக வந்தது. குதிரைக்குரிய சொல்லை யாழ்ப்பாணத்து மாடு வாங்கிக்கொண்டது. இன்னுமொன்று: இளங்காளையை நாம்பன் என்றும், கன்று ஈனாத இளம்பசுவை நாகு என்றும் இங்குள்ளோர் கூறுவர். நாகு என்பது பழந்தமிழ் நூல்களிற் பயின்ற சொல். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அகராதி வேண்டியிருக்கும் சொல், கரவெட்டியில் மாட்டுக் கொட்டிலில் வழங்குகின்றது.

இனிச் சல்லிக்கட்டு என்ற சொல்லுக்கு வருவோம்.

சல்லி என்பது மிகச் சிறிய செப்புக் காசு. ஒரு சல்லிக்காசும் கையில் இல்லை என்ற பேச்சு இன்றும் உண்டு. சிங்களத்தில் பணத்திற்குச் சல்லி என்பதே பொதுவழக்கு. எனவே இலங்கையில் வாழ்வோருக்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. காசுகளைத் துணியில் முடிந்து காளையின் கொம்பிலே கட்டிவிடுவர். காளையை அடக்கியவன் அம்முடிச்சை அவிழ்த்துத் தனதாக்கிக்கொள்வான். காசுமுடிப்பைக் கட்டுதலால் அது சல்லிக்கட்டு ஆயிற்று. பெரும்பான்மையோர் கொள்ளும் விளக்கம் இது. சல்லி என்பதற்குத் தொங்கலணி என்ற பொருளும் உண்டாதலின், காளையின் கழுத்திற் கட்டும் வளையத்தையே அப்பெயர் குறித்தது என்பாரும் உளர். முந்தியதே பொருத்தமெனத் தோன்றுகிறது. கொம்பிற் பரிசைக் கட்டும் வழக்கம் அண்மைக்காலம் வரை இருந்தது என்பதே அதற்குத் தக்க சான்று. மதுரை நாட்டைப் பற்றி 1868-இல் நூல் வெளியிட்ட நெல்சன் என்னும் ஆங்கில அதிகாரியும் இவ்விளையாட்டைக் கண்டு எழுதியிருக்கிறார்.

ஆயின், இப்பெயரில் மாடும் இல்லை, மனிதனும் இல்லை. பரிசு மட்டுமே இருக்கின்றது. இதைக் கொண்டு அங்கு நடப்பது யாதென்று ஊகிக்க இயலாது. ஊருக்கு ஊர் வேறு பெயர்களும் உள்ளன. சிவகங்கைப் பக்கத்தில் மஞ்சுவிரட்டு. சிறாவயல் அதற்குப் பேர்போன ஊர். மஞ்சு என்பதற்கு அழகு, அணி என்று பொருள்கொண்டு, அணிசெய்த காளையை விரட்டுதல் என உரைப்பர். வடமாடு என்பது நீண்ட வடத்திலே காளையைப் பிணித்துவிட்டு, ஒரு சிறு குழுவினர் குறித்த நேரத்துள் அதனை அடக்க முயல்வது. தேர்வடம் பிடித்தவர்களுக்கு அச்சொல் புதிதன்று. வேலூர், திருவண்ணாமலை, கிருட்டிணகிரிப் பகுதிகளில் எருது விடும் விழா. அங்கே காளையை எவரும் பிடிப்பதில்லை. இரு மருங்கும் மக்கள் நிற்க, தெருவிலே அது ஓடிக் கடக்கும் வேகத்திற்கே பரிசு.

இப்பெயர்கள் யாவற்றுக்கும் மூத்த பெயர் ஏறு தழுவுதல் என்பது. அதனைத் தேடிச் செல்வோர் கலித்தொகைக்குச் செல்ல வேண்டும்.

எட்டுத்தொகையுள் ஒன்றாகிய கலித்தொகை, ஏட்டுச் சுவடியிலிருந்து முதன்முதலாக அச்சேறியது 1887-ஆம் ஆண்டிலே. அதனைப் பதிப்பித்தவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832-இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, நச்சினார்க்கினியர் உரையுடன் அவர் அந்நூலை வெளியிட்டிராவிடின், ஏறு தழுவுதல் பற்றி இன்று மேடைகளில் முழங்கப்படுவனவற்றுட் பெரும்பகுதிக்குச் சான்று இராது. அவர் புதுக்கோட்டைச் சமத்தானத்தில் நீதிபதியாயும் இருந்தவர். இந்நாளில் சல்லிக்கட்டு மிகுதியாக நிகழும் நிலப்பகுதிகளுள் புதுக்கோட்டையும் ஒன்று. சல்லிக்கட்டே இல்லாத யாழ்ப்பாணத்திற்கு அவ்விளையாட்டின் வரலாற்றில் ஒரு பங்கு உண்டென்றால், அது இவராலேயே.

கலித்தொகையில் முல்லைத்திணைக்குரிய பகுதி முல்லைக்கலி. அதிற் பதினேழு பாடல்கள். பாடியவர் சோழன் நல்லுருத்திரன். அவற்றுள் முதல் ஏழும் ஏறு தழுவுதலைப் பொருளாக உடையன. காடும் மேய்ச்சல் நிலமுமே முல்லை. அந்நிலத்து ஆயருக்கு ஆநிரையே செல்வம். செல்வம் எதுவோ அதனைச் சுற்றியே வீரமும் மணமும் அமைந்தன. திணைப் பாகுபாட்டுக்கு அடியிலே அவ்வந்நிலத்து மக்களின் பிழைப்பு இருந்தது என்பதைக் கரவெட்டியிற் பிறந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அக்கண்கொண்டு நோக்கினால் முல்லைக்கலி வெறும் வீர விளையாட்டுப் பாட்டாகத் தோன்றாது. மாடு மேய்ப்போர் தம் வீட்டுக்கு மருமகனைத் தெரியும் முறையாக அது தோன்றும்.

பாடல்களிற் காணும் காட்சி இது. காளைகளைத் தொழுவினுள்ளே விடுவர். தொழூஉ என்பது அக்காலத்துச் சொல். இன்று தமிழ்நாட்டார் வாடிவாசல் என்கின்றனர், சி. சு. செல்லப்பா 1959-இல் வெளியிட்ட சிறு நாவலின் தலைப்பாகி அச்சொல் படித்தவரிடையேயும் பரவியது. காளைகளுள் ஒன்று கரியது, ஒன்று வெண்மையானது, ஒன்று சிவப்பிற் புள்ளி உடையது. ஒவ்வொன்றின் நிறத்துக்கும் ஒரு தெய்வத்தை உவமை கூறுவார் புலவர். பெண்கள் பரண்மேல் நின்று பார்ப்பர். இளைஞர் நீர்த்துறையையும் பழமையான மரங்களையும் வணங்கி, காட்டுப்பூச் சூடி உள்ளே பாய்வர். இன்ன காளையைத் தழுவியவனுக்கு இன்ன பெண் என்பது முன்னரே உறுதி. கொம்புக்கு அஞ்சுபவனை ஆயர்மகள் அடுத்த பிறவியிலும் விரும்பமாட்டாள் என்பது அவர்தம் கொள்கை. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலும் இவ்வழக்கம் இடம்பெற்றிருக்கிறது.

இவ்விடத்திற் சில சொற்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஏறு என்பது வண்டியிற் பூட்டும் எருது அன்று, காயடிக்கப்படாத காளை. தொல்காப்பிய மரபியல், ஆணினத்தைக் குறிக்கும் பெயர்களுள் ஏறு என்பதனையும் வைத்து, அது எவ்வெவ் விலங்குக்கு உரியதென்று வரையறுக்கின்றது. கடலில் வாழும் சுறாவின் ஆணும் ஏறுதான். பருத்தித்துறைக் கடலோடிகள் அறிந்தால் மகிழ்வர்.

காளையின் முதுகில் எழுந்து நிற்பது இமில். இந்நாளில் திமில் என்கிறோம். இவ்வுறுப்பே முழு விளையாட்டுக்கும் அடிப்படை. திமில் உள்ள மாடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இனம். ஓடும் காளையின் பக்கவாட்டிலே பாய்ந்து, இரு கையாலும் திமிலை வளைத்துப் பற்றிக்கொண்டு அதனுடன் செல்லலாம். ஸ்பெயின் தேசத்துக் காளைக்குத் திமில் இல்லை; கழுத்தின் பின்னே தசை திரண்டிருக்குமேயன்றிக் கைக்குள் அடங்கும் பிடி கிடையாது. தழுவுதல் என்ற வினை நம் மொழியில் இவ்விளையாட்டுக்குப் பெயராயிற்று, அங்கே ஆகவில்லை. அதற்கு முதற் காரணம் மனிதரின் பண்பாட்டு வேறுபாடு என்று பெருமை பேசுவதற்கு முன், மாட்டின் உடலமைப்பு என்று கூறுவதே நேர்மை.

மூன்றாவது சொல் கொல்லேறு. முல்லைக்கலி காளையை இவ்வாறு அழைக்கிறது. இலக்கணம் கற்ற மாணவன் இதனை வினைத்தொகை என்று உடனே சொல்லிவிடுவான். கொன்ற ஏறு, கொல்கின்ற ஏறு, கொல்லும் ஏறு என முக்காலமும் இச்சொல்லுள் மறைந்து நிற்கின்றன. முன்னர் ஒருவனைக் கொன்றது, இன்றும் கொல்கிறது, நாளையும் கொல்லும். அத்தகைய காளையின் முன்னேதான் ஒருவன் வெறுங்கையோடு நிற்கிறான்.

இப்பொழுது ஸ்பெயினுக்குச் செல்வோம். அங்கு இவ்விளையாட்டின் பெயர் கொறிடா தெ தோரோஸ். கொறிடா என்பது ஓடுதல் என்னும் பொருளுள்ள வினையிற் பிறந்த பெயர். தோரோ என்பது காளை. சண்டை என்பது ஆங்கிலேயர் சேர்த்த சொல்லேயன்றி இப்பெயரில் இல்லை. அரங்கின் நடுவே பொன்னிழை வேய்ந்த உடையோடு வாளேந்தி நிற்பவனுக்கு மத்தடோர் என்று பெயர். மத்தார் என்பது கொல்லுதல். டோர் என்னும் ஈறு செய்பவனைக் குறிக்கும். தமிழிலே கொல்வோன் என்றால் பகுதியும் விகுதியும் ஒத்துவரும். மத்தார் என்ற வினை, பலியிடுதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது என்பர் சில ஆய்வாளர். அடித்து வீழ்த்துதல் என்னும் பொருளுடைய பிற்கால இலத்தீன் சொல்லே அதற்கு மூலம் என்பர் வேறு சிலர். சதுரங்க ஆட்டத்தில் அரசன் மடிந்தான் என்று முடிக்கும் பாரசீக, அரபுத் தொடருடன் உறவு காட்டுவாரும் உண்டு. மூலம் எதுவாயினும் சொல்லின் பொருளில் ஐயமில்லை.

பழங்காலத்தில் அங்கே உயர்குடியினர் குதிரை மீதிருந்து ஈட்டியாற் காளையுடன் பொருதனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்கள் படிப்படியாக ஒதுங்க, தரையில் நின்று அவர்களுக்குத் துணைசெய்த எளியோர் அரங்கின் தலைவராயினர். ரொண்டா என்னும் ஊரைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ ரொமேரோ, கோலிற் கோத்த சிறு துணியை ஒரு கையிலும் வாளை மறுகையிலும் ஏந்திக் காளையை நேர்நின்று கொன்ற முதல்வருள் ஒருவர் என்பது அந்நாட்டு மரபுரை. இன்று நிகழ்ச்சி மூன்று கட்டமாக நடக்கும். முதலிற் குதிரைவீரன் ஈட்டியாற் காளையின் கழுத்துத் தசையைக் குத்தி, தலையைத் தாழச் செய்வான். அடுத்து, முள்முனை பொருந்திய வண்ணக் குச்சிகளை அதன் முதுகிலே பாய்ச்சுவர். இறுதியில் மத்தடோர் சிவப்புத் துணியைக் காட்டி அதனைத் தன் உடலைச் சுற்றி ஓடவிட்டு, தோள்களுக்கிடையே வாளை இறக்குவான். காளையைச் சீறவைப்பது துணியின் சிவப்பு அன்று, அதன் அசைவே. மிகச் சிறந்த காளைக்கு மன்னிப்பு அளித்து உயிரோடு விடுவதும் உண்டு. அது அருமையினும் அருமை. மற்றெல்லாக் காளைக்கும் முடிவு ஒன்றே. அம்முடிவைச் செய்பவனின் பெயரே அரங்கின் தலைமைப் பெயர்.

கொல்லுதல் என்னும் பொருள் இரு மொழியிலும் இவ்விளையாட்டுடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்பானிய மொழியிலே அது மனிதனுக்குப் பெயர். தமிழிலே அது மாட்டுக்கு அடைமொழி. முல்லைக்கலியில் மாட்டைக் கொல்பவன் ஒருவனும் இல்லை. காளை மறுநாளும் மேயப் போகும். அது மணப்பெண்ணின் வீட்டார் வளர்த்த காளை. காளைச் சண்டை என்ற ஒரே பெயரை இரண்டுக்கும் இட்டபோது மறைந்துபோனது இவ்வேறுபாடே. மத்தடோருக்கு ஆபத்து இல்லை என்று இதற்குப் பொருளன்று. 1947-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, ஸ்பெயின் முழுவதும் புகழ்பெற்ற மனொலெத்தே என்பவர் லினாரெஸ் நகரத்து அரங்கிற் காளையின் கொம்பு பாய்ந்து இறந்தார். அக்காளையும் அவரது வாளால் இறந்தது.

நமது விளையாட்டுக்கு நெருங்கிய உறவினரை ஐரோப்பாவிலே தேடினால் ஸ்பெயினை விட்டு அயல்நாடாகிய போர்த்துக்கலுக்குப் போகவேண்டும். அங்கே அரங்கில், மக்கள் கண்முன்னே காளையைக் கொல்லுதல் சட்டத்தால் விலக்கப்பட்டது. பாரங்கோஸ் என்னும் எல்லையூருக்கு மட்டும் விதிவிலக்கு. எட்டுப்பேர் படைக்கலம் இன்றி வரிசையாக நிற்பர். முன்னிற்பவன் இடையிலே கைவைத்துக் காளையைக் கூவி அழைப்பான். அது முட்டவரும்போது அதன் கொம்புகளுக்கிடையே பாய்ந்து தலையைக் கட்டிக்கொள்வான். ஏனையோர் ஓடிவந்து நிறுத்துவர். கடைசி ஆள் வாலைப் பற்றுவான். இதற்குப் பெகா என்று பெயர். பற்றுதல், பிடித்தல் என்பதே அதன் பொருள். தழுவுதலுக்கு இதனிலும் அணுக்கமான பிறமொழிப் பெயர் கிடைத்தல் அரிது. இரண்டு வேற்றுமைகளை மறக்கலாகாது. அங்கே கொம்புகளைத் தோலுறையிட்டு மழுக்கியிருப்பர். அரங்கிலே தப்பிய காளை பெரும்பாலும் பின்னர் வெளியே கொல்லப்படும். சல்லிக்கட்டிலோ ஒரு காளையை ஒருவனே தழுவ வேண்டும். கொம்பையும் வாலையும் பற்றுவது விதிக்கு மாறு. திமில் ஒன்றே பிடி.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை 1619 முதல் 1658 வரை ஆண்டனர். கதிரை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, குசினி என வீடு நிறையச் சொற்களை விட்டுப்போயினர். மாட்டுக் கொட்டிலுக்குள் மட்டும் அவர்தம் மொழி புகவில்லை. நாம்பன் நாம்பனாகவே நின்றுவிட்டது.

சொல்லாராய்ச்சி வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடுவதன்று. சிலபோது நீதிமன்றத்துக்கும் செல்லும். 2014-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடைசெய்து அளித்த தீர்ப்பிலே, இச்சொற்களின் பொருள் ஆராயப்பட்டிருக்கிறது. சல்லி என்பது காசு, கட்டு என்பது முடிப்பு என்று நீதிபதிகள் எடுத்துக்காட்டினர். அதனோடு அமையாது, ஏறு தழுவுதல் என்பது காளையை அணைத்துக்கொள்வதேயன்றி அதனை வலிமையால் வெல்வதன்று என்றும், ஆகவே இந்நாளில் நடைபெறுவது தமிழர் மரபாகாது என்றும் கருத்துரைத்தனர். விலங்கு நலவாரியத்தார் நீதிமன்றத்தின் முன் வைத்த அறிக்கைகள், காளையின் வாலை முறுக்குதல் முதலிய செயல்களை விரித்திருந்தன. அச்செயல்களைத் தழுவுதல் என்ற சொல்லால் மூட முடியாது என்பது உண்மையே.

ஆயினும் தழுவுதல் என்பதன் பொருள் அன்போடு அணைத்தல் மட்டுந்தானா? தமிழறிந்தோர் இங்கே சற்றுத் தயங்குவர். குரவைக் கூத்திலே கைகோத்து நிற்பதற்குத் தழூஉ என்று பெயர். இலக்கணத்திலே ஒரு சொல்லைப் பற்றிப் பொருள் முடிக்காமல் நிற்கும் தொடரைத் தழாத்தொடர் என்பர். நாடு தழுவிய என்று நாளேடுகள் எழுதுகின்றன. எவ்விடத்தும் இச்சொல்லின் அடிப்பொருள் விடாது பற்றுதல், சூழ்ந்துகொள்ளுதல் என்பதே. அன்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முல்லைக்கலியைப் படித்தவர்க்கு இதில் மயக்கமில்லை. அங்கே கொம்பிற் குடர் தொங்கக் காளை சுழல்கிறது. அக்காட்சிக்குப் பாரதப் போரின் கொடிய வஞ்சினம் உவமையாகிறது. இளைஞர் வீழ்கின்றனர், வீழ்ந்தவனைக் கடந்து மற்றொருவன் பாய்கிறான். மென்மையான அணைப்பு என்று அதனைக் கூறுதல் நூலைப் படியாதார் கூற்று.

அதுபோலவே, மறுபக்கத்தாரும் இச்சொல்லைத் தமக்கு ஏற்றவாறு வளைத்தனர். பெயரே தழுவுதல், ஆகவே இதிலே துன்பமே இல்லை என்று 2017-இல் மேடைகளிற் பேசினர். தடையை வேண்டியோரும் அதனை நீக்க வேண்டியோரும் ஒரே சொல்லைச் சாட்சிக்கு அழைத்தனர். சொல் கூறும் சாட்சியம் ஓரளவினதே. மாட்டைக் கொல்லாமல், கருவி ஏந்தாமல், கையாற் பற்றுவது என்று அது சொல்லும். பற்றியவன் அதனை வருத்தினானா என்பதை அச்சொல்லிடம் கேட்கக்கூடாது. வாடிவாசலிற் சென்று பார்த்தே அறிய வேண்டும். ஒவ்வோராண்டும் தமிழ்நாட்டிலே இவ்விளையாட்டில் மனிதரும் மாடுகளும் இறந்துவருதலின், அக்கேள்வி பழையதாகிவிடவில்லை.

கடற்கரைக் கிளர்ச்சியின் பின் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2017-இலே விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்குத் திருத்தம் இயற்றியது. அதிலும் ஒரு சொல் விளக்கம் உண்டு. மரபையும் பண்பாட்டையும் பின்பற்றும் நோக்கத்தோடு, சனவரி முதல் மே வரையில் அரசு அறிவிக்கும் நாள்களிலும் இடங்களிலும் காளைகளைக் கொண்டு நடத்தும் நிகழ்ச்சியே சல்லிக்கட்டு என்றும், மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகியவையும் அதனுள் அடங்கும் என்றும் அச்சட்டம் வரையறுத்தது. எங்கோ ஒரு வட்டாரத்தில் காசுமுடிப்பைக் குறித்த பெயர், பிறவூர்ப் பெயர்களையெல்லாம் தன்னுள் அடக்கிக்கொண்டது. 2023-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இது பண்பாட்டு மரபா அன்றா என்பதைச் சட்டமன்றமே முடிவுசெய்திருக்க, நீதிமன்றம் அதனை மாற்றி உரைப்பதற்கில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். அகராதிப் பொருளைக் கொண்டு 2014-இல் அடைத்த கதவு வேறொரு வழியாகத் திறந்தது.

2024-ஆம் ஆண்டு சனவரி 24-ஆம் நாள், அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையிலே பெரிய அரங்கம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு அரசு இட்ட பெயரிலே சல்லிக்கட்டு என்ற சொல் இல்லை; ஏறுதழுவுதல் அரங்கம் என்றே பெயர். தாமோதரம்பிள்ளை சுவடியிலிருந்து மீட்ட பாடல்களின் சொல், கட்டடத்தின் முகப்பில் ஏறிற்று. மதுரைப் பக்கத்து நாட்டுப்புறத்தாருக்கு அது அத்துணை வேண்டியதன்று. ஏடும் அச்சும் அறியாக் காலத்திலிருந்தே அவர்கள் மாடு அணைதல் என்று சொல்லி வருகின்றனர். அணைதல் என்பதற்கும் தழுவுதல் என்பதற்கும் பொருள் ஒன்றே.

அலங்காநல்லூரிலே பொங்கலின் மூன்றாம் நாள் சல்லிக்கட்டு. அன்று காலை வாடிவாசலிலிருந்து முதலில் அவிழ்த்துவிடப்படுவது கோயிற் காளை. அதனை எவரும் அணைவதில்லை. இருபுறமும் நிற்போர் விலகி வழிவிட, அது தன் போக்கிலே நடந்து வெளியே செல்லும். அதன் பின்னரே ஏனைய காளைகள்.